5. ஏரியின் வரவு செலவு

ஊர் ஏரி பச்சை பிடித்துவிட்டால் யோசனை சொல்ல ஆளுக்குக் குறைவிருக்காது. மயில்துத்தம் போடலாம் என்பார் ஒருவர். புல்கெண்டை விட்டால் எல்லாவற்றையும் தின்றுவிடும் என்பார் இன்னொருவர். பொக்லைன் வைத்துத் தூர்வாருவதே சரி என்பார் மூன்றாமவர். எதைச் செய்தாலும் பணம் செலவாகும். செலவழிப்பதற்கு முன் ஏரிக்குள் என்ன வருகிறது, என்ன வெளியே போகிறது என்று தெரிந்தாக வேண்டும். இந்த அத்தியாயத்தை முடிக்கும்போது உங்கள் ஏரிக்கு ஒரு பக்கக் கணக்கு உங்கள் நோட்டில் இருக்க வேண்டும்.

ஏரிக்குள் இரண்டு விஷயங்கள் ஓடுகின்றன. ஒன்று ஆற்றல். வெயிலாக வந்து பாசியில் தங்கி, பூச்சி, மீன், பறவை என்று கைமாறி, ஒவ்வொரு கைமாற்றத்திலும் வெப்பமாகக் கழிந்துபோகும். போனது திரும்பாது. மறுநாள் வெயில்தான் புதிதாக வரவேண்டும். மற்றொன்று சத்து: தழைச்சத்தான நைட்ரஜன், மணிச்சத்தான பாஸ்பரஸ், இன்னும் பல. இவை அழிவதில்லை. பாசியில் இருந்தது மீனுக்குப் போகும், மீன் செத்தால் சேற்றுக்குப் போகும், சேற்றிலிருந்து மறுபடி பாசிக்கு வரும். ஏரியில் ஏதாவது கோளாறு என்றால், வெயில் கூடியோ குறைந்தோ வந்ததாக இருப்பது அபூர்வம். சத்து உள்ளே வந்துகொண்டே இருக்கிறது, வெளியேற வழியில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம்.

வெயில் போகும் வழி

அமெரிக்காவின் புளோரிடாவில் சில்வர் ஸ்பிரிங்ஸ் என்ற ஊற்றுநீர் ஓடை இருக்கிறது. அங்கே ஆற்றல் எப்படிக் கைமாறுகிறது என்பதை ஹோவர்ட் ஓடம் என்ற சூழலியலாளர் அளந்து 1957-இல் வெளியிட்டார். ஒரு சதுர மீட்டரில் ஓராண்டில் விழும் வெயில் சுமார் 17 லட்சம் கிலோகலோரி. நீர்ச்செடிகளும் பாசியும் அதில் பிடித்து உணவாக்கியது 20,810. அதில் பாதிக்கு மேல் அவற்றின் சுவாசத்துக்கே செலவாகிவிட, உடம்பாகச் சேர்ந்தது 8,833. செடி தின்னும் உயிர்களுக்குக் கிடைத்தது 3,368. அவற்றைத் தின்றவற்றுக்கு 383. எல்லோருக்கும் மேலே இருந்த பெரிய மீன்களுக்கு 21.

படிக்குப் படி சுமார் பத்தில் ஒன்றுதான் மேலே போகிறது என்று பாடப்புத்தகங்கள் சொல்வது தோராய விதி. உண்மையில் அது இடத்துக்கு இடம் மாறும். மேலே உள்ள எண்களிலேயே ஒரு படியில் பத்துக்கு நான்கும், இன்னொரு படியில் இருபதுக்கு ஒன்றும் இருப்பதைப் பார்க்கலாம். ஆனால் எங்கே அளந்தாலும் மேலே போகப் போகக் குறையும் என்பது மாறாது.

இதிலிருந்து ஏரிக்காரருக்குக் கிடைக்கும் பாடங்கள் மூன்று.

முதலாவது, மீன் குத்தகை. பாசியையும் மட்கையும் தின்னும் ரோகு, மிர்கால் போன்ற கெண்டை மீன்கள் கீழ்ப்படியில் இருக்கின்றன. விரால் மற்ற மீன்களையும் தவளைகளையும் தின்னும் மேல்படி மீன். தீவனம் போடாத ஏரியில் நூறு கிலோ கெண்டை வளரும் இடத்தில் பத்து கிலோ விரால் எதிர்பார்ப்பதுதான் நியாயம். விரால் விலை அதிகம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இந்தப் பத்தில் ஒன்றையும் சேர்த்துப் போட வேண்டும்.

இரண்டாவது, பறவைகள். நத்தைகுத்தி நாரை நத்தையைத் தின்கிறது, நத்தை செடியையும் பாசியையும் தின்கிறது. நாரைக்குக் கீழே இரண்டே படிதான். அதனால் நத்தை மிகுந்த வயலும் ஏரியும் நிறைய நாரைகளைத் தாங்கும். மீன் தின்னும் மீனைப் பிடிக்கும் பறவைக்குக் கீழே மூன்று, நான்கு படிகள். அத்தகைய பறவைகள் ஏரிக்கு ஒன்றிரண்டு இருந்தாலே பெரிது. பறவைகளை எண்ணும்போது எத்தனை வந்தன என்பதோடு, எதைத் தின்பவை வந்தன என்றும் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, நஞ்சு. ஆற்றல் படிக்குப் படி கழிந்துபோகும். ஆனால் தண்ணீரில் கரையாமல் உடலின் கொழுப்பில் தங்கும் நஞ்சு கழிவதில்லை, மேலே போகப் போகச் செறியும். கலிபோர்னியாவின் கிளியர் ஏரியில் கொசு போன்ற சிறு பூச்சிகளை ஒழிக்க 1949, 1954, 1957 ஆகிய ஆண்டுகளில் டிடிடி (DDD) என்ற மருந்தைத் தெளித்தார்கள். தண்ணீரில் அதன் அளவு பத்து லட்சத்தில் 0.02 பங்குதான். அந்த ஏரியில் மீன் பிடித்துத் தின்ற முக்குளிப்பான் பறவைகள் கூட்டமாகச் செத்தன. அவற்றின் கொழுப்பில் இருந்தது பத்து லட்சத்தில் 1,600 பங்கு. ஏரிக்குள் எந்த மருந்தையும் ஊற்றலாமா என்று யாராவது கேட்டால், தண்ணீரில் எவ்வளவு என்று பார்க்காதீர்கள், மேல்படியில் எவ்வளவு சேரும் என்று கேளுங்கள்.

விடியற்காலை ஏன் மீன் வாய் பிளக்கிறது

பாசியில் எல்லாமே மீன் வாய்க்குப் போவதில்லை. பெரும்பங்கு செத்துச் சேற்றில் விழுகிறது. கரையோர மரங்களின் சருகு, மாட்டுச் சாணம், செத்த செடி எல்லாம் அங்கேயே வந்து சேர்கின்றன. இவற்றைத் தின்று பிழைக்கும் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும் புழுக்களும்தான் சத்தைப் பிரித்து மறுபடி தண்ணீரில் விடுகின்றன. இவை இல்லாவிட்டால் ஏரியின் சத்து முழுவதும் பிணங்களில் பூட்டிக்கிடக்கும்.

இந்த வேலைக்கு ஆக்சிஜன் வேண்டும். பகலில் பாசி ஆக்சிஜனை வெளியிடுகிறது. இரவில் அதே பாசியும் சுவாசிக்கும், மீனும் சுவாசிக்கும், சேற்று நுண்ணுயிர்களும் சுவாசிக்கும். எனவே ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும் நேரம் சூரியன் உதிப்பதற்குச் சற்று முன். 30 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் தன்னில் கரைத்து வைத்துக்கொள்ளக்கூடிய ஆக்சிஜன் லிட்டருக்கு சுமார் 7.5 மில்லிகிராம்தான். அது 2-க்குக் கீழே இறங்கினால் கெண்டை மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். விரால் காற்றையே நேராகச் சுவாசிக்கக்கூடியது என்பதால் தாக்குப்பிடிக்கும். கெண்டை செத்து மிதக்க, விரால் மட்டும் உயிரோடிருந்தால் யாரோ விஷம் கலந்துவிட்டார்கள் என்று சந்தேகப்படுவதற்கு முன் அன்று அதிகாலையின் ஆக்சிஜனை நினைத்துப் பாருங்கள்.

செய்து பாருங்கள் 1: ஒரு நாள், இரண்டு அளவு

மீன் வளர்ப்போருக்குப் பொருட்கள் விற்கும் கடைகளில் ஆக்சிஜன் சோதனைக் கிட் கிடைக்கும். விடிவதற்கு முன் ஒரு முறை, பிற்பகல் மூன்று மணிக்கு ஒரு முறை, ஒரே இடத்தில், ஒரே ஆழத்தில் அளந்து எழுதுங்கள். இரண்டுக்கும் இடையே வித்தியாசம் சிறிதாக இருந்தால் ஏரி நிதானமாக ஓடுகிறது. காலையில் 2, பிற்பகலில் 12 என்று ஊசலாடினால் பாசி மிதமிஞ்சிவிட்டது என்று அர்த்தம். பிற்பகல் அளவை மட்டும் பார்த்து ஏரி நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடுவதுதான் பொதுவாக நடக்கும் தவறு.

செய்து பாருங்கள் 2: தட்டு மறையும் ஆழம்

20 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு தட்டை நான்கு பாகமாகப் பிரித்து, கறுப்பும் வெள்ளையுமாக மாற்றி மாற்றி வண்ணம் பூசுங்கள். அடியில் கனமான கல் கட்டி, பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சிட்ட கயிற்றில் தொங்கவிடுங்கள். 1865-இல் அஞ்சலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் கடலில் சோதித்த முறை இது, இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. காலை பத்திலிருந்து பிற்பகல் இரண்டு மணிக்குள், உங்கள் நிழல் விழும் பக்கத்தில் தட்டை மெல்ல இறக்குங்கள். தட்டு மறையும் ஆழத்தையும், மேலே தூக்கும்போது மறுபடி தெரியும் ஆழத்தையும் எழுதி, சராசரி எடுங்கள். மீன் வளர்க்கும் குளத்தில் 30 முதல் 40 சென்டிமீட்டர் நல்லது. 20-க்குள் மறைந்தால் கவனம் தேவை.

தண்ணீர் கலங்கியதற்குப் பாசி காரணமா, மண் காரணமா என்பது கேள்வி. ஒரு கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் பிடித்து இரவு முழுவதும் அசையாமல் வையுங்கள். காலையில் அடியில் பழுப்பு வண்டல் படிந்து மேலே தெளிந்திருந்தால் அது மண். பச்சை அப்படியே நின்றாலோ மேலே ஏடுபோல் மிதந்தாலோ பாசி. மண்ணுக்கு மருந்து நீர்வரத்துக் கால்வாயின் ஓரம் புல் வளர்ப்பது. பாசிக்கு மருந்து அடுத்துவரும் பகுதிகளில் இருக்கிறது.

எந்தச் சத்து கடிவாளம் பிடிக்கிறது

காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன். நீலப்பச்சைப் பாசியில் பல வகைகள் அதை நேராகவே பிடித்துக்கொள்ளும். அதேபோல் ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை வாயுவாக்கிக் காற்றுக்கே திருப்பி அனுப்பும். ஆக நைட்ரஜனுக்கு மேலே ஒரு வாசல் திறந்தே இருக்கிறது. பாஸ்பரஸுக்கு அது இல்லை. அதற்கு வாயு வடிவம் என்று சொல்லத்தக்கது கிடையாது. பாறையிலிருந்து, மண்ணிலிருந்து, கழிவிலிருந்து வரும். தண்ணீரோடும் சேற்றோடும் உயிர்களின் உடலோடும்தான் போகும்.

கடிவாளம் பாஸ்பரஸிடம்தான் என்பதை ஒரே படத்தில் காட்டியவர் கனடாவின் டேவிட் ஷிண்ட்லர். ஒன்டாரியோவில் சோதனைக்கென ஒதுக்கிய ஏரிகளில் 226 என்ற எண்ணுள்ளதை 1973-இல் நடுவே திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும் இட்டார்கள். மறுபக்கம் அவற்றோடு பாஸ்பரஸையும் சேர்த்து இட்டார்கள். பாஸ்பரஸ் போட்ட பாதி பச்சையாக நுரைத்தது, மற்றப் பாதி தெளிவாகவே நின்றது. ஆகாயத்திலிருந்து எடுத்த அந்தப் படம் பல நாடுகளில் சோப்புத்தூளில் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தும் வாதத்துக்குத் துணை நின்றது.

உலர்ந்த பாசியின் எடையில் சுமார் நூற்றில் ஒரு பங்கு பாஸ்பரஸ். அதாவது ஒரு கிலோ பாஸ்பரஸ் உள்ளே வந்தால் சுமார் நூறு கிலோ உலர் பாசி வளர்வதற்கான முதல் கிடைத்துவிடுகிறது. எனவே நம் கணக்கைப் பாஸ்பரஸில் எழுதுவது வசதி.

வேடந்தாங்கல் காட்டும் வழி

மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் உள்ள வேடந்தாங்கல் ஏரி சுமார் 30 ஹெக்டேர்தான். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும், தண்ணீருக்குள் நிற்கும் கடப்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும் ஆயிரக்கணக்கான நாரைகளும் கூழைக்கடாக்களும் நீர்க்காகங்களும் வெள்ளை அரிவாள் மூக்கன்களும் கூடு கட்டுகின்றன. இரை தேடுவதோ சுற்றுவட்டார ஏரிகளிலும் வயல்களிலும் கழிமுகங்களிலும். தின்றுவிட்டு வந்து எச்சமிடுவது இந்த ஏரிக்குள். பல சதுர கிலோமீட்டரில் சிதறிக்கிடந்த சத்து இப்படி ஓரிடத்தில் வந்து குவிகிறது. அந்தத் தண்ணீர் பாய்ந்தால் பயிருக்குத் தனியாக உரம் வேண்டாம் என்று ஊர்க்காரர்கள் தலைமுறைகளாகச் சொல்லிவந்திருக்கிறார்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பறவைகளைச் சுட்டதை எதிர்த்து கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டுப் பாதுகாப்பு உத்தரவு வாங்கியதும் இந்த ஊர்தான்.

இதில் கவனிக்க வேண்டியது எச்சம் விழுவது மட்டுமல்ல. இவ்வளவு சத்து விழும் ஏரிக்கு மதகு என்று ஒரு வாசல் இருக்கிறது. தண்ணீர் ஆயக்கட்டுக்குப் போகிறது, நெல் சத்தை எடுத்துக்கொள்கிறது, அறுவடையாகி வெளியேறுகிறது. வரவுக்கு ஈடாகச் செலவு இருக்கும்வரை சத்து வரவு வரம். எந்த ஊரிலும் ஆயக்கட்டு வயல்கள் மனைகளாகி மதகு திறக்கப்படாமல் போனால், சத்து வெளியேறும் பெரிய வாசல் அன்றே மூடிக்கொள்கிறது. அதே நேரத்தில் அந்த மனைகளில் எழும் வீடுகளின் கழிவுநீர் வரவில் சேர்கிறது.

செய்து பாருங்கள் 3: ஒரு பக்கக் கணக்கு

நோட்டில் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் வரவு: கழிவுநீர் வாய்க்கால்கள், நீர்வரத்துக் கால்வாயில் வரும் மண், மேயும் மாடுகளின் சாணம், பறவை எச்சம், மீனுக்குப் போடும் தீவனமும் கோழிக்கழிவும், மேல்வயல்களிலிருந்து வடியும் உரநீர். வலப்பக்கம் செலவு: மதகு வழி பாசனம், கலங்கல் வழி உபரிநீர், பிடித்த மீன், அள்ளிய செடி, எடுத்த வண்டல்.

முதலில் கழிவுநீரைக் கணக்கிடுங்கள். நம் நாட்டு உணவு சாப்பிடும் ஒருவரின் மலமும் சிறுநீரும் ஆண்டுக்கு சுமார் 0.4 கிலோ பாஸ்பரஸை வெளியேற்றும். 100 பேர் வீட்டுக் கழிவு நேராக ஏரிக்கு வந்தால் ஆண்டுக்கு 40 கிலோ. 50 கிலோ டிஏபி மூட்டையில் 23 கிலோ மணிச்சத்து என்று போட்டிருப்பார்கள். அதைத் தனிப் பாஸ்பரஸாக மாற்றினால் சுமார் 10 கிலோ. அப்படியானால் அந்த 100 பேரும் ஆண்டுக்கு நான்கு மூட்டை டிஏபியை ஏரியில் கொட்டுவதற்குச் சமம். அது சுமார் 4 டன் உலர் பாசிக்கான முதல்.

இந்த 40 கிலோவை வெளியே எடுக்க என்ன செய்ய வேண்டும் என்று பாருங்கள். எண்கள் எல்லாம் தோராயம்.

| வழி | ஒரு டன்னில் உள்ள பாஸ்பரஸ் | 40 கிலோ வெளியேற |
|---|---|---|
| பிடித்த மீன் | சுமார் 5 கிலோ | 8 டன் |
| உலர்ந்த வண்டல் | அரை கிலோ முதல் ஒரு கிலோ | 40 முதல் 80 டன் |
| பச்சை ஆகாயத்தாமரை | 150 முதல் 250 கிராம் | 160 முதல் 270 டன் |

ஆகாயத்தாமரையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர். ஊரே திரண்டு ஒரு நாள் முழுக்க அள்ளினாலும் வெளியேறுவது பெரும்பாலும் தண்ணீர்தான். அள்ளியதைக் கரையிலேயே குவித்துவிட்டால் அந்தச் சொற்பச் சத்தும் அழுகி, அடுத்த மழையில் ஏரிக்கே வழிந்து வரும். அள்ளினால் கரைக்கு வெளியே, சரிவின் மறுபக்கம் கொண்டுபோய், சாணமும் சேர்த்து மட்க வைத்து வயலுக்கு அனுப்புங்கள். வேலை அப்போதுதான் முடிகிறது.

கேட்ட யோசனைகளுக்குப் பதில்

மயில்துத்தம்: பாசி சாகும், சத்து சாகாது. செத்த பாசி மட்கும்போது ஆக்சிஜன் இறங்கும், மீன் சாகும், வெளிப்பட்ட பாஸ்பரஸில் அடுத்த பாசி வளரும். தாமிரம் சேற்றில் தங்கிவிடும். வேண்டாம்.

புல்கெண்டை: வேர்விட்ட நீர்ச்செடிகளைத் தின்னும், தண்ணீரைப் பச்சையாக்கும் நுண்பாசியை அல்ல. தின்றதில் பெரும்பகுதி எச்சமாக ஏரியிலேயே விழும். பிடித்து விற்ற மீனின் எடை மட்டுமே செலவுக் கணக்கில் ஏறும். விடுவதைவிடப் பிடிப்பதற்கு ஏற்பாடு முக்கியம்.

தூர்வாருதல்: மேலே உள்ள பட்டியலில் உண்மையிலேயே கணிசமான வழி. அடிச்சேற்றில் ஆக்சிஜன் இல்லாதபோது அங்கே ஒட்டிக்கிடந்த பாஸ்பரஸ் கழன்று தண்ணீருக்கு வரும். கழிவுநீரை நிறுத்திய பிறகும் ஏரி சில ஆண்டுகள் பச்சையாகவே இருப்பதற்கு இது ஒரு காரணம். ஆகவே மேல்வண்டலை எடுப்பது பயன் தரும். ஆனால் வண்டலுக்குக் கீழே உள்ள களிப்படுகையைத் தோண்டினால் ஏரி தண்ணீர் தாங்காது. மேலே உள்ள கறுத்த வண்டல் மட்டும் போதும். தொழிற்சாலைக் கழிவு கலந்த ஏரியென்றால் வண்டலை மண் பரிசோதனைக்கு அனுப்பாமல் வயலில் போடக் கூடாது.

எதை முதலில் செய்வது

1. கழிவுநீர் வாய்க்காலைத் திருப்புங்கள். வரவு நிற்காமல் செலவைக் கூட்டிப் பயனில்லை. உடனே திருப்ப முடியாத இடத்தில் வாய்க்காலுக்கும் ஏரிக்கும் நடுவே கோரையும் சம்பும் வளர்த்த ஆழமில்லாத குட்டை அமையுங்கள். ஆண்டுக்கொரு முறை அந்தக் கோரையை அறுத்து வெளியேற்ற வேண்டும், இல்லாவிட்டால் குட்டை நிரம்பியதும் சத்து தாண்டி வந்துவிடும்.

2. மதகைப் பழுதுபாருங்கள். ஏரித்தண்ணீர் வயலுக்குப் போவதுதான் மலிவான செலவு வழி. பாய்ச்சுகிற விவசாயி உரத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம்.

3. கோடையில் நீர் வற்றியதும் உரிய அனுமதி பெற்று மேல்வண்டலை வயலுக்கு எடுங்கள். எத்தனை டிராக்டர் லோடு போனது என்று நோட்டில் எழுதுங்கள்.

4. மீன் குத்தகை ஒப்பந்தத்தில் கோழிக்கழிவு போடக் கூடாது என்று எழுதுங்கள். ஏரிக்கு வெளியிலிருந்து வரும் எந்தத் தீவனமும் வரவுதான்.

5. தட்டு மறையும் ஆழத்தை மாதம் ஒரு முறையும் அதிகாலை ஆக்சிஜனைக் கோடையில் வாரம் ஒரு முறையும் அளந்துவாருங்கள். ஒரு ஆண்டு எண்ணை வைத்து முடிவுகட்டாதீர்கள். மழை குறைந்த ஆண்டில் நீர் சுண்டி எல்லா எண்களும் மோசமாகத்தான் தெரியும்.

நோட்டில் எழுதிய கணக்குப் பக்கத்தைப் படியெடுத்து மே 1 கிராம சபையில் கொடுங்கள். ஏரியைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று பொதுவாகத் தீர்மானம் எழுதினால் அது ஏட்டோடு நின்றுவிடும். இன்ன தெருவின் கழிவுநீர், இத்தனை வீடு, ஆண்டுக்கு இத்தனை மூட்டை டிஏபிக்குச் சமம், அதைத் திருப்ப இன்ன இடத்தில் இத்தனை மீட்டர் வாய்க்கால் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். அடுத்த கிராம சபையில் அந்த வாய்க்கால் வந்ததா என்று கேட்க ஒரு வரி போதும்.